குழந்தை பார்க்கும் வேலைக்குப் பயிற்சி: எங்கே சேர்வது, எதற்குப் பணம் கட்டுவது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், விருதுநகரிலிருந்து அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸை அனுப்பியிருந்தாள். 'சர்வதேசத் தரத்தில் நானி பயிற்சி. மூன்று மாதம். நூறு சதவீத வேலை உறுதி. கட்டணம் 48,000 ரூபாய். இந்த வாரத்துக்குள் சேர்ந்தால் 35,000 மட்டுமே.' அதற்குக் கீழே அவள் எழுதியிருந்தது ஒரே ஒரு வரி: "சித்தி, கட்டிவிடட்டுமா?" போனில் பேசியபோதுதான் தெரிந்தது, கட்டுவதற்கு அவளிடம் பணமே இல்லை. கழுத்தில் கிடக்கும் ஒரு பவுன் சங்கிலியை அடகு வைப்பதாக உத்தேசம்.

நான் தாம்பரம் பக்கத்தில் 11 வருடமாகக் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். ஆறு மாதக் கைக்குழந்தை முதல் நான்கு வயதுவரை 22 பேர் வருகிறார்கள். ஐந்து பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் நானே இப்படி ஒரு பயிற்சிக்குப் பணம் கட்டி ஏமாந்தவள்தான். வேலை கேட்டு நின்ற அனுபவமும் உண்டு, வேலை கொடுக்கும் அனுபவமும் உண்டு. அவளிடம் முக்கால் மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். பிளஸ் டூ முடித்துவிட்டு இதே யோசனையில் இருக்கும் வேறு பெண்களுக்கும் உதவட்டும்.

படிப்புகளை ஒப்பிடும் முன்னால், எங்கே வேலை பார்க்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் போய்க் குழந்தை பார்ப்பது ஒன்று. என்னுடையதைப் போன்ற காப்பகம் இன்னொன்று. பிளே ஸ்கூல் மூன்றாவது. வெளிநாடு நான்காவது. வீட்டு வேலையில் சான்றிதழை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. அந்த வீட்டுப் பாட்டி உங்கள் கையைத்தான் பார்ப்பார், குழந்தையின் கழுத்துக்குக் கீழே அது போகிறதா என்று. பிளே ஸ்கூலில் தாளாளர் முதலில் கேட்பதே டிப்ளமோ. வெளிநாட்டில் அந்த நாட்டுச் சட்டம் என்ன கேட்கிறதோ அதுதான் கணக்கு. காப்பகம் நடுவில் நிற்கிறது. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். அந்தச் சட்டம் எல்லா இடத்திலும் நடைமுறைக்கு வந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் ஐ.டி. நிறுவனங்களுக்கு அருகே காப்பகங்கள் பெருகியதில் அதற்குப் பங்கு உண்டு.

என் காப்பகத்துக் கணக்கையே சொல்கிறேன். புதிதாக வருபவருக்கு மாதம் 11,000 தருகிறேன். பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் 1,000 கூடுதல். ஒரு வருடமாவது கைக்குழந்தைகளைப் பார்த்த அனுபவம் இருந்தால் 3,000 கூடுதல். அக்கா மகள் கட்ட நினைத்த 35,000 ரூபாய் அந்தச் சான்றிதழின் வழியாகத் திரும்பி வர என்னிடம் 35 மாதம் ஆகும். இதைச் சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

நோட்டீஸில் இருந்த 'சர்வதேசத் தரம்' என்ற சொல்லை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. அப்படி ஒரு தரம் உண்மையாகவே இருக்கிறது. இங்கிலாந்தில் எமிலி வார்டு என்ற பெண்மணி 1892-இல் லண்டனில் தொடங்கிய நார்லண்டு கல்லூரி இப்போது பாத் நகரத்தில் நடக்கிறது. பிரிட்டன் அரச குடும்பத்தின் இளவரசர் ஜார்ஜைப் பார்த்துக்கொண்ட செவிலித்தாய் அங்கே படித்தவர். மூன்று வருடப் பட்டப்படிப்பு. அதோடு ஒரு வருடம் ஏதாவது ஒரு குடும்பத்தில் சம்பளத்துடன் வேலை, அதுவும் கல்லூரியின் கண்காணிப்பில். அதை முடித்தால்தான் கல்லூரியின் முழு டிப்ளமோ. ஆண்டுக் கட்டணமே 15,000 பவுண்டுக்கு மேல். பழுப்பு நிறச் சீருடையும், வழுக்கும் தரையில் கார் ஓட்டும் பயிற்சியும்தான் பத்திரிகைகளில் படமாக வரும். என் கண்ணில் படுவது வேறு. படிக்கும் காலத்திலேயே மாணவிகளைக் காப்பகம், பள்ளி, வீடு என்று உண்மையான குழந்தைகளிடம் மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். அந்தக் கட்டணத்தில் பெரும்பங்கு அதற்குத்தான் என்பது என் எண்ணம். நம் ஊரில் 'சர்வதேசத் தரம்' என்று நோட்டீஸ் அடிப்பவர்களிடம் கேட்க வேண்டியது இதைத்தான்: எத்தனை மணி நேரம், எந்தக் குழந்தைகளோடு?

நான் 2012-இல் சென்னையில் ஒரு தனியார் நிலையத்தில் 18,000 ரூபாய் கட்டினேன். பெயர் வேண்டாம். குளிரூட்டிய அறை, கழுத்தில் பட்டையோடு அடையாள அட்டை, ஆங்கிலத்தில் அச்சடித்த கையேடு எல்லாம் இருந்தன. வகுப்பில் 26 பேர். பொம்மை ஒன்றே ஒன்று. கடினமான பிளாஸ்டிக், அதன் கழுத்து ஆடவே ஆடாது. ஒவ்வொருவராகப் போய் அதைத் தூக்கி, துடைத்து, டயப்பர் மாட்டிவிட்டு வந்து உட்காருவோம். மூன்று மாதமும் உயிருள்ள ஒரு குழந்தையைக்கூட நாங்கள் தொடவில்லை. கடைசி நாளில் 'வேலை உறுதி' என்பதற்காக இரண்டு பக்கத்துக்கு டெலிபோன் நம்பர்களைக் கொடுத்தார்கள். அதில் பாதிப் பேர் எடுக்கவே இல்லை. எடுத்தவர்களில் ஒருவர் தாம் கேட்டது சமையல்காரி என்றார்.

முதல் வேலைக்குப் போன வீட்டில் குழந்தைக்கு இரண்டரை மாதம். கையில் வாங்கியதும் அதன் தலை பின்னால் சாய்ந்தது. பொம்மை ஒருபோதும் அப்படிச் சாய்ந்ததில்லை. அந்த வீட்டுப் பாட்டி ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, பலகையில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் நீட்டி, குழந்தையைக் கணுக்காலுக்கு மேல் குப்புறப் போட்டு, முழங்கையால் தண்ணீரின் சூட்டைப் பார்த்து, ஐந்து நிமிடத்தில் குளிப்பாட்டி முடித்துவிட்டார். அந்தப் பத்து நாளில் அவரிடம் கற்றதற்குக் கட்டணம் இல்லை.

அதற்காகத் தனியார் நிலையங்கள் எல்லாமே மோசம் என்று ஆகிவிடாது. என்னிடம் வேலை பார்க்கும் ஒரு பெண் படித்த இடத்தில் நான்கு வாரம் மருத்துவமனையின் பிரசவ வார்டிலும் நான்கு வாரம் ஒரு காப்பகத்திலும் விட்டிருக்கிறார்கள். வந்த முதல் நாளே அவள் கை நடுங்கவில்லை. ஆகவே பணம் கட்டும் முன்னால் நேரில் போய், நடக்கும் வகுப்பு ஒன்றில் உட்கார அனுமதி கேளுங்கள். மறுத்தால் அங்கேயே முடிந்தது கதை. உட்கார விட்டால் ஒரே ஒரு கேள்வி போதும்: ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டால் என்ன செய்ய வேண்டும், செய்து காட்டுங்கள். சரியாகக் கற்றவர் பொம்மையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலையைத் தாழ்த்திப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு தட்டுவார். பிறகு மல்லாத்தி நெஞ்சின் நடுவே ஐந்து முறை அழுத்துவார். வயிற்றை அமுக்கிக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். அது ஒரு வயதைத் தாண்டியவர்களுக்குச் செய்வது. கைக்குழந்தைக்குச் செய்தால் உள்ளுறுப்பில் அடிபடும். சொல்லித்தருபவருக்கே இது தெரியவில்லை என்றால் மீதிப் பாடத்தைக் கேட்டு என்ன ஆகப்போகிறது?

கட்டண விவரத்தையும் எழுத்தில் வாங்குங்கள். சொன்ன தொகைக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டா, சீருடைக்கும் தேர்வுக்கும் தனியா, நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், இவை ரசீதிலோ ஒப்பந்தத்திலோ இருக்க வேண்டும். 'இந்த வாரத்துக்குள்' என்ற சலுகையை நான் நம்புவதே இல்லை. அடுத்த வாரம் போய்ப் பாருங்கள், அதே நோட்டீஸ் அதே தேதியில்லாத 'இந்த வாரத்தோடு' ஒட்டியிருக்கும்.

அடுத்தது அரசு வழி. பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம் 2015-இல் தொடங்கியது. அதில் 'சைல்டு கேர்டேக்கர்' என்று ஒரு பணிப்பிரிவே இருக்கிறது. கட்டணம் கிடையாது. பயிற்சி கொடுப்பவர் ஒருவர், தேர்வு வைப்பவர் வேறொருவர். சான்றிதழில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின் நிலை எண் இருக்கும். அதை இணையத்திலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். நான் ஆள் எடுக்கும்போது, பளபளவென்று தங்க எழுத்தில் இருக்கும் தனியார் சான்றிதழைவிட இந்தச் சாதாரணத் தாளைத்தான் நம்புகிறேன். காரணம், கற்றுக்கொடுத்தவரே தேர்ச்சி என்று எழுதிக்கொடுத்த தாள் இல்லை அது.

குறை இல்லாமல் இல்லை. தையலுக்கும் அழகுக்கலைக்கும் ஊருக்கு ஒரு மையம் இருக்கும். குழந்தை பராமரிப்புக்கு மாவட்டம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காமல் போகலாம். மையம் இருந்தாலும் ஆள் சேரும்வரை காத்திருக்க வேண்டும். சில மையங்களில் வருகைப்பதிவு மட்டும் ஒழுங்காக நடக்கும். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்திலோ தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் இணையதளத்திலோ எந்த மையம் இப்போது நடக்கிறது என்று பார்த்துவிட்டு, அங்கே முன்பு படித்த ஒரு பெண்ணிடம் பேசுங்கள். அலுவலகத்தில் கிடைக்கும் பதிலைவிட அது பயன்படும்.

இதே திட்டத்தில் பலருக்கும் தெரியாத ஒரு வாசல் உண்டு. ஏற்கெனவே அனுபவம் உள்ளவர்களைச் சில நாள் அறிமுக வகுப்பில் உட்காரவைத்து, தேர்வு வைத்து, அந்த அனுபவத்துக்குச் சான்றிதழ் தருவது. என் காப்பகத்தில் எட்டு வருடமாக இருக்கும் அக்கா ஒருவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். மூன்று தலைமுறைக் குழந்தைகளை வளர்த்த கை. அவருக்கு அப்படித்தான் சான்றிதழ் வாங்கினோம். அதை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். ஏற்கெனவே வீடுகளில் குழந்தை பார்த்துக்கொண்டிருப்பவர்கள் மூன்று மாதப் படிப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் இதை விசாரிக்க வேண்டும்.

பிளே ஸ்கூல் பக்கம் போக நினைப்பவர்களுக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நடத்தும் முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு மற்றும் கல்வி டிப்ளமோ இருக்கிறது. பிளஸ் டூ போதும். சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். ஜனவரியிலும் ஜூலையிலும் சேர்க்கை. குறைந்தது ஒரு வருடம். காப்பகத்தை ஒழுங்குபடுத்துவது, குழந்தையின் ஊட்டச்சத்தும் உடல்நலமும், சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள் என்று தனித்தனிப் பாடங்கள். கடைசியில் செயல்திட்டம் ஒன்று செய்ய வேண்டும். நல்ல பாடநூல்கள்; நானே வாங்கி வைத்துப் படித்திருக்கிறேன். ஆனால் அஞ்சல்வழிப் படிப்புக்கே உரிய வினை இதற்கும் உண்டு: யாரும் உங்களை எழுப்பி உட்காரவைக்க மாட்டார்கள். கை வேலையும் இதில் பழகாது. வேலையில் இருந்துகொண்டே படித்தால் இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு மதிப்புள்ள தாள் வேறு கிடைக்காது. வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து படித்தால் பாதியில் நிற்கும்.

மாண்டிசோரியைப் பற்றி அவளாகவே கேட்டாள். அந்தப் பெயரில் வழங்கும் குழந்தைக் கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாறு தியாசபிகல் சொசைட்டியின் அழைப்பில் சென்னைக்கே வந்து பயிற்சி நடத்தியவர். போர்க்காலம் முழுக்க இந்தியாவில்தான் இருந்தார். அவர் தோற்றுவித்த சர்வதேச மாண்டிசோரி சங்கத்தின் பயிற்சி இன்றும் சென்னையில் நடக்கிறது. உலகம் முழுக்கச் செல்லும் டிப்ளமோ அது. செலவு லட்சக் கணக்கில். அதைப் படித்தவர் பள்ளி ஆசிரியையாகத்தான் போவார்; வீட்டுக்கு வந்து பால்புட்டி கழுவ மாட்டார், கழுவவும் வேண்டாம். ஒரே ஒரு எச்சரிக்கை: மாண்டிசோரி என்ற பெயருக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. தெருமுனையில் 12,000 ரூபாய்க்கு 'மாண்டிசோரி டிப்ளமோ' தருபவரையும் சட்டம் தடுப்பதில்லை. பெயரைப் பார்க்காமல், தாளை வழங்குவது யார் என்று பாருங்கள்.

ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் 'பயிற்சி இலவசம்' என்பார்கள். இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். கையிலிருந்து காசு போவதில்லை, அதனால் செலவே இல்லை என்று தோன்றும். பதினைந்து நாள் பயிற்சி. பிறகு ஒரு வீட்டில் 18,000 சம்பளம் என்று சேர்த்துவிடுவார்கள். கைக்கு வருவது 15,000. மாதம் 3,000 வீதம் பத்து மாதம் பிடித்தால் 30,000 ஆயிற்று. பதினைந்து நாள் இலவசப் பயிற்சியின் விலை அது. வீட்டுக்காரர்களிடம் தனியாகக் கமிஷனும் வாங்கியிருப்பார்கள். இதிலும் ஒழுங்கானவர்கள் உண்டு. வேலை பிடிக்காவிட்டால் வேறு வீடு மாற்றிக்கொடுப்பதும் சம்பளத் தகராறில் நடுவில் நின்று பேசுவதும் சென்னையில் தனியாக இருக்கும் பெண்ணுக்குச் சாதாரண உதவி இல்லை. எழுத்தில் எத்தனை மாதம், எவ்வளவு பிடித்தம் என்று இருந்தால் யோசிக்கலாம். ஆனால் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலின் அசலைக் கேட்டால் கொடுக்கவே கூடாது. நகல் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள். ஒரு பெண் என்னிடம் வேலைக்கு வர விரும்பி, முந்தைய இடத்தில் மாட்டிக்கொண்ட சான்றிதழை மீட்கவே ஐந்து மாதம் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டுப் பொட்டலம் கடைசி. பயிற்சி, பாஸ்போர்ட், விசா எல்லாம் சேர்த்து மூன்று லட்சம், நான்கு லட்சம் என்பார்கள். சென்னைக்காரர்களுக்கு ஈ.சி.ஆர். என்றால் கடற்கரைச் சாலை. பாஸ்போர்ட்டில் அதற்கு வேறு அர்த்தம்: குடிபெயர்வுச் சோதனை தேவை. பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் அந்தக் குறிப்பு இருக்கும். வளைகுடா முதலான குறிப்பிட்ட நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அந்தக் குறிப்போடு அந்த நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும். 2016 முதல் அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக முடியும். தமிழ்நாட்டில் அது 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு மனிதவளக் கழகம். பிளஸ் டூ முடித்த அக்கா மகளுக்கு இந்த அனுமதி தேவையில்லை. கேட்க நல்லதாகத் தோன்றும். ஆனால் அந்தப் பாதுகாப்பு வலையும் அவளுக்கு இல்லை என்றுதான் அதற்குப் பொருள். பதிவு பெற்ற ஏஜென்டு ஒருவர் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். பதிவு பெற்றவரா என்பது மத்திய அரசின் இ-மைகிரேட் (eMigrate) இணையதளத்தில் இருக்கும். 'முதலில் டூரிஸ்ட் விசா, போன பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்று எவராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சிங்கப்பூருக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக அந்த நாட்டு அரசு கேட்பது வயது 23 முதல் 50 வரை, எட்டு வருடப் பள்ளிப் படிப்பு. முதல்முறை போகிறவர் அங்கே ஒரு நாள் அறிமுகப் பயிற்சிக்குப் போக வேண்டும். அந்தச் செலவு முதலாளியுடையது. அங்கே உள்ள ஏஜென்சி பணிப்பெண்ணிடம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக் கூடாது. இதில் எங்கேயாவது நம் ஊர் 48,000 ரூபாய் நானி சான்றிதழ் வருகிறதா? கனடாவின் பெயரைச் சொல்லி ஆறு மாதப் படிப்பு விற்பவர்கள் இன்னும் அதிகம். 2025 மார்ச் 31-இல் கனடா திறந்த வீட்டுப் பராமரிப்பாளர் திட்டத்தில் ஆறு மாதப் பயிற்சி ஒரு தகுதி என்பது உண்மைதான். ஆனால் அப்போது திறந்தது ஏற்கெனவே கனடாவில் இருப்பவர்களுக்கான பிரிவு. வெளியே இருப்பவர்களுக்கான பிரிவைத் திறக்கவே இல்லை. பூட்டியிருக்கும் வீட்டுக்குச் சாவி விற்கிறார்கள்.

இந்த ஏமாற்று இன்று நேற்று வந்ததில்லை. 'ஆயா' என்ற சொல்லே போர்ச்சுக்கீசியர் வழியாக நமக்கு வந்தது. வெள்ளைக்காரக் குடும்பங்கள் கப்பலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இந்திய ஆயாக்களை அழைத்துப் போய், லண்டனில் இறங்கியதும் திரும்பி வரக் காசு கொடுக்காமல் விட்டுவிட்ட கதைகள் உண்டு. அப்படி நின்றவர்கள் தங்குவதற்கென்றே லண்டனின் ஹாக்னி பகுதியில் ஆயாக்கள் இல்லம் என்று ஒன்று நடந்தது. 2022-இல்தான் அந்தக் கட்டடத்தில், வரலாற்று இடங்களைக் குறிக்க அங்கே வைக்கும் நீலப் பலகையை வைத்தார்கள். எமிலி வார்டு தம் மாணவிகளுக்குச் சீருடை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அதே காலம், அதே ஊர்.

பணத்தை எப்படிப் புரட்டுவது என்பதையும் சொல்ல வேண்டும். அடகுக் கடையில் மாதம் இரண்டு வட்டி என்றால் 35,000 ரூபாய்க்கு மாதம் 700. ஒரு வருடத்தில் 8,400. கூட்டுறவு வங்கியிலோ மற்ற வங்கிகளிலோ நகைக்கடன் இதைவிடக் குறைவு; மகளிர் சுயஉதவிக் குழுவில் உள் கடன் இன்னும் சுலபம். இவற்றுக்கெல்லாம் முன்னால் வங்கியில் திறன் பயிற்சிக் கடன் கேட்டுப் பாருங்கள். 2024 ஜூலையில் திருத்திய திட்டத்தின்படி 7.5 லட்சம்வரை பிணையம் இல்லாமல் தரலாம். அங்கீகாரம் உள்ள படிப்புக்குத்தான் தருவார்கள். மேலாளர் கடனே தராவிட்டாலும் கவலையில்லை. 'இந்தப் படிப்பு பட்டியலில் இல்லையே அம்மா' என்று அவர் சொல்வதே ஒரு பதில். வங்கி நம்பாத படிப்புக்கு நம் சங்கிலியை எதற்கு நம்பவைக்க வேண்டும்? எதற்குக் கட்டினாலும் தவணையில் கட்டுங்கள், வங்கி வழியாகக் கட்டுங்கள்.

விண்ணப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை, நான் படிக்கிறவள் என்பதால். 'குழந்தைகள் என்றால் எனக்கு உயிர்' என்று எழுதாத விண்ணப்பத்தை நான் பார்த்ததில்லை. அதனால் அந்த வரியை நான் படிப்பதும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் இப்படி எழுதியிருந்தாள்: 'என் தம்பியை ஒன்பதாவது மாதத்திலிருந்து நான்தான் பார்த்துக்கொண்டேன். அவனுக்கு வீசிங் உண்டு. ராத்திரியில் நெபுலைசர் வைப்பேன். மருந்தின் அளவை டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைச் சுவரில் ஒட்டியிருந்தேன்.' அவளிடம் எந்தச் சான்றிதழும் இல்லை. மறுநாளே வரச்சொன்னேன். தடுப்பூசி விவரம், மருத்துவத் தகுதிச் சான்று, காவல்துறைச் சரிபார்ப்பு இவற்றையும் கூடவே வைத்துவிட்டால், எந்தப் பயிற்சி நிலையமும் எந்த வீடும் உங்களைச் சற்று வேறு கண்ணோடு பார்க்கும். சரிபார்ப்புக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

எந்தப் படிப்பிலும் சொல்லித்தராத ஒன்று வீட்டு வேலையில் இருக்கிறது. குழந்தை மருத்துவர் ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்பார். ஒரு வயதுவரை தேன் கூடாது என்பார். பாட்டி உரைமருந்துக் கல்லோடு வந்து நிற்பார், நாக்கில் தேன் தொட்டு வைக்கச் சொல்வார், மூக்கில் எண்ணெய் விடச் சொல்வார். அம்மா அலுவலகத்தில் இருப்பார். நடுவில் நிற்பது நீங்கள். பாட்டியை எதிர்த்தால் வேலை போகும். கேட்டால் குழந்தைக்கு ஆபத்து. என்னிடம் இருக்கும் பெண் ஒருத்தி முன்பு ஒரு வீட்டில் இருந்தபோது, டாக்டர் சொன்னதையெல்லாம் பாட்டியையே ஒரு நோட்டில் எழுதவைத்து, 'நீங்கள் எழுதினதுதான் பாட்டி, எனக்குப் பயமாக இருக்கிறது' என்று காட்டிக் காட்டிச் சமாளித்தாளாம். அவளுக்கு இதை யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டேன். "என் மாமியார்தான், அவருக்குத் தெரியாமலே" என்றாள்.

இதையெல்லாம் வைத்து அக்கா மகளுக்கு நான் சொன்ன வரிசை இது. முதலில் பணம் கட்டாமல் பத்து நாள் என் காப்பகத்துக்கு வந்து உட்கார். பிடித்தால் இலவச அரசுப் பயிற்சிக்குப் பெயர் கொடு. அது தொடங்கும்வரை இங்கேயே வேலை செய். வருகிற சேர்க்கையில் திறந்தநிலைப் பல்கலைக்கழக டிப்ளமோவுக்கு விண்ணப்பம் போடு, சம்பளத்திலிருந்து கட்டிக்கொள்ளலாம். முதலுதவியை மட்டும் பணம் கொடுத்துத் தனியாகக் கற்றுக்கொள்; அதில் இலவசத்துக்குக் காத்திருக்க வேண்டாம். பிரசவ வார்டுக்கு உண்மையாகவே அனுப்பும் தனியார் நிலையம் கிடைத்தால், ஒரு வருடம் கழித்து, அப்போதும் வேண்டும் என்று தோன்றினால் யோசிப்போம். வெளிநாடு 30 வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். இது அவளுக்குச் சொன்னது. அவளுக்கு என் வீட்டில் படுக்க இடம் இருக்கிறது. சென்னையில் யாருமே இல்லாத பெண்ணாக இருந்தால், விடுதியோடு பயிற்சி தரும் நிலையத்துக்கு நானே கொஞ்சம் கூடுதலாகக் கட்டச் சொல்லியிருப்பேன்.

அக்கா மகள் வந்து ஒன்பது நாள் ஆகிறது. முதல் இரண்டு நாள் பெரிய பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் ஏழு மாதக் குழந்தை ஒன்று அவள் தோளில் வாந்தி எடுத்தது. குளியலறைக்குப் போய் அவள் வெகுநேரம் வரவில்லை. அழுதிருப்பாள் என்று நினைத்தேன். குழந்தையின் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுத்தான் வந்தாள். தன்னுடையது ஈரமாக அப்படியே இருந்தது. பயிற்சி மையத்தில் 20 பேர் சேர்ந்தால் வகுப்பு தொடங்குமாம், இதுவரை 14 பேர். அந்த நோட்டீஸ்காரர்கள் நேற்று மறுபடியும் கூப்பிட்டு, அவளுக்காக மட்டும் 29,000 ஆக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.